பிடிமானம் அகலத்தில் இல்லை

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போகும் சாலை முந்தலோடு சமவெளியை முடித்துக்கொண்டு மலையில் ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் இது கொச்சியையும் மூணாறையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு துண்டு. போடிக்கும் சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் இது அன்றாடம் வேலைக்குப் போய்வரும் வழி. இருட்டுப் பிரியுமுன் தூக்குவாளியும் ஸ்வெட்டருமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பொழுதெல்லாம் குனிந்து காய் பறித்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். உலகம் மணக்கும் ஏலக்காயின் பின்னால் இந்தப் பயணம் இருக்கிறது. இந்த உயிர்களையெல்லாம் சாலையோடு பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்கள் மட்டுமே.

அந்த நான்கு இடங்களைப் பற்றி நம்மிடையே ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிமானம் என்பது அது. டயர் கடையில் நின்றால் காதில் விழும்: “அண்ணே, மழை நேரத்துல மெட்டு ஏறணும்னா ஒரு சைஸ் கூடப் போட்டுக்கங்க, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்.” சொல்பவர் ஏமாற்றவில்லை; நம்பித்தான் சொல்கிறார். கேட்பவரும் கடன் வாங்கியாவது அகலமான டயரைப் பூட்டிக்கொண்டு, இனி பயமில்லை என்று வளைவுக்குள் இறங்குகிறார். அந்தத் துணிச்சல்தான் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. ஏனென்றால் மலைச்சாலையில் பிடிமானத்தைத் தீர்மானிக்கும் காரணங்களை வரிசைப்படுத்தினால் அகலம் கடைசிப் பக்கம்தான் நிற்கும். முன்னால் நிற்பவற்றை நாம் பார்ப்பதே இல்லை.

ஒரு மரக்கட்டையை மேசைமேல் படுக்கவைத்து இழுத்தாலும், ஒருக்களித்து நிறுத்தி இழுத்தாலும் ஒரே அளவு விசைதான் தேவைப்படுகிறது. லியோனார்டோ டா வின்சி இதைக் கவனித்துத் தன் குறிப்பேடுகளில் படமாக வரைந்து வைத்தார். ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, 1699-இல், பிரெஞ்சு அறிஞர் கீயோம் அமோன்டன் இதை விதியாகவே சொன்னார்: உராய்வு என்பது மேலிருந்து அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. 1785-இல் கூலோம் என்ற அறிஞர் இதை விரிவாகச் சோதித்து உறுதிசெய்தார். ஏன் இப்படி என்பது 20-ஆம் நூற்றாண்டில், கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் ஆராய்ந்தபோதுதான் தெளிந்தது. வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமானது. இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது மேடுகளின் உச்சியில் மட்டும். பரப்பைப் பெரிதாக்கினால் எடை பரவுகிறது, ஒவ்வொரு உச்சியும் தாங்கும் சுமை குறைகிறது. மொத்தத்தில் உண்மையான தொடுபரப்பு மாறுவதில்லை.

டயருக்கு வரும்போது இன்னொரு செய்தி சேர்ந்துகொள்கிறது. அகலமான டயர் தரையில் கூடுதல் பரப்பைத் தொடுகிறது என்பதே பெரும்பாலும் சரியல்ல. டயரைத் தாங்குவது அதற்குள் இருக்கும் காற்று. ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு சக்கரம் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 240 சதுர சென்டிமீட்டர். நான்கும் சேர்ந்து ஒன்றரை ஏ4 தாள் அளவு. 15 சென்டிமீட்டர் அகல டயர் என்றால் தொடும் இடம் 16 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும்; 21 சென்டிமீட்டர் அகல டயர் என்றால் நீளம் 11-ஆகக் குறுகிவிடும். டயரின் பக்கச்சுவர் விறைப்பால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் பரப்பைத் தீர்மானிப்பது எடையும் காற்றும்தான். அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தை மாற்றுகிறது.

சக்கரத்தின் அகலத்துக்கும் சாலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அது வேறு மாதிரியானது. இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிக்குக் காற்று கிடையாது. பாரமெல்லாம் ஒரு கோடு போன்ற இடத்தில் இறங்கிச் சாலையை உழுதுவிடும். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அகலப் பட்டை போட்ட வண்டிகளுக்குச் சட்டமே சலுகை தந்தது. பிடிமானத்துக்காக அல்ல, சாலையைக் காப்பாற்றுவதற்காக. போடிப் பக்கத்து மலைக்கும் அந்தக் காலம் உண்டு. மூணாற்றின் தேயிலை 1902-இல் அமைந்த குண்டளை ஒற்றைத் தண்டவாள வண்டியில் டாப் ஸ்டேஷன் வந்து சேர்ந்தது. அந்த வண்டியின் அமைப்பு விசித்திரமானது. பாரம் முழுதும் ஒரே தண்டவாளத்தின் மேல், சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்ணில் உருண்டது, இழுத்தவை மாடுகள். 1908-இல் அது சிறு ரயில்பாதையாக மாறி, 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரை செங்குத்துச் சரிவு. அந்தச் சரிவில் சக்கரத்தை நம்பாமல் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டிப்பாதை. அந்த மலையை அறிந்தவர்கள் உராய்வை நம்பவேண்டிய இடத்தையும் நம்பக்கூடாத இடத்தையும் எவ்வளவு நிதானமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது மதிப்பு கூடுகிறது.

ரயில் போடியோடு நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1928-இல் மதுரையிலிருந்து வந்த பாதை அது. அகலப்பாதைப் பணிக்காக நீண்டகாலம் மூடிக் கிடந்து 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு ரயில் வந்தது. இரும்பின்மேல் இரும்பு உருளும்போது இழப்பு மிகக் குறைவு, பிடிமானமும் மிகக் குறைவு. உதகை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12-க்கு 1 சரிவில் ஏறுவதற்குப் பல்சக்கரத்தைத்தான் நம்புகிறது. ரப்பர் அந்தச் சரிவைத் தனியாகவே ஏறும். ரப்பர் என்ற பொருளின் பெருமை அங்கே இருக்கிறது.

ரப்பர் அமோன்டன் விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, கல்லின் பரப்போடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, சாலைக் கல்லின் கூர்மையான முனைகளுக்குள் அமுங்கி, வளைந்து, மீண்டு வரும்போது ஆற்றலை விழுங்குவது. குரோஷ் என்ற ஆய்வாளர் 1963-இல் வெளியிட்ட சோதனைகள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டின. வெப்பமும் வழுக்கும் வேகமும் மாற மாற ரப்பரின் பிடிமானம் மாறுவதையும் காட்டின. கூடவே இன்னொன்று: ரப்பரின்மேல் அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் கெழு சற்றுக் குறைகிறது. ஆகவே அகலமான டயரில், அழுத்தம் சற்றுக் குறைவாக வைத்தால், காய்ந்த சாலையில் சிறிதளவு லாபம் உண்டு. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சிறு லாபத்தைப் பெரிய பாதுகாப்பாக எண்ணிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

பந்தயக் கார்களைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. அவற்றின் டயர்கள் அவ்வளவு அகலமாக இருப்பதற்கு முதற்காரணம், அவை மிக மென்மையான ரப்பரால் ஆனவை என்பதே. மென்மையான ரப்பர் கல்லை நன்றாகப் பிடிக்கும்; ஆனால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். குறுகலாகச் செய்தால் சில சுற்றுகளில் கரைந்துபோகும். வேலையைப் பரப்பிக் கொடுக்க அகலம் தேவைப்படுகிறது. மேலும் குறுகிய நீளமும் கூடிய அகலமும் கொண்ட தொடுபரப்பு, ஸ்டியரிங் திருப்பியதும் உடனே பதில் தரும். மணிக்கு 200 கிலோமீட்டரில் இதற்கு மதிப்பு உண்டு. நம் ஊர் வண்டிகளுக்கு வரும் டயர் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கவேண்டிய கெட்டி ரப்பர். அதையே ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் கெட்டி ரப்பரே கொஞ்சம் அகலமாகக் கிடைக்கிறது.

மழைக்கு வருவோம், போடிமெட்டில் உண்மையான சோதனை மழைதான். ஏலக்காய் பறிப்பு ஏறக்குறைய ஜூன், ஜூலையில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. மேலே தோட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, கீழே நம் பக்கச் சரிவில் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. தோட்டத்துக்கு ஆள் அதிகம் தேவைப்படும் மாதங்களும் சாலை நனைந்து கிடக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. நனைந்த சாலையில் டயருக்குக் கல்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: நடுவில் கிடக்கும் தண்ணீரை வெளியேற்றுவது. இங்கே அகலம் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. அகல டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்கவேண்டும், அதுவும் குறைந்த நீளத்துக்குள். குறுகிய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. நாசாவின் வால்டர் ஹார்ன் 1960-களில் விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த கணக்குப்படி, டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். 20 பிஎஸ்ஐ என்றால் சுமார் 75. மலைவளைவில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை. தேனி போகும் நேர்ச்சாலையில் போகிறார்கள். “காத்தைக் கொஞ்சம் இறக்கி வச்சா நல்லாப் பிடிக்கும்” என்று மழைநாளில் காற்றைக் குறைக்கும் வழக்கம் அங்கேதான் ஆபத்தாக முடியும். பாரம் ஏற்றிய வண்டியில் குறைந்த காற்று பக்கச்சுவரை மடக்கி மடக்கிச் சூடேற்றும். சூடேறிய டயர் இறக்கத்தில் வெடிக்கும்.

வளைவில் வழுக்க வைப்பது வேறு. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில், சாலையில் படிந்த தூசும் லாரிகள் சொட்டிய எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து மெல்லிய பூச்சாகிவிடுகிறது. மலையிலிருந்து வழிந்துவரும் செம்மண் இதோடு சேர்கிறது. இந்தப் பூச்சை ஊடுருவிக் கல்லைத் தொட வேண்டுமானால் டயரில் பட்டன் இருக்கவேண்டும், அதாவது பள்ளம் ஆழமாக இருக்கவேண்டும். மொட்டை டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்தப் பூச்சின்மேல் நிற்கும் ஒரு பலகைதான்.

இத்தனையும் தார்ச்சாலைக்கு. தோட்டத்துக்குள் போகும் மண்பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தரையே அமுங்குகிறது. அகலமும் குறைந்த காற்றும் வண்டியைப் புதையாமல் மிதக்கவைக்கும். மணலிலும் சேற்று வயலிலும் டிராக்டர் அப்படித்தான் ஓடுகிறது. மேலே சேறு, அடியில் கெட்டித்தரை என்றிருக்கும் ஏலத்தோட்டப் பாதையில் மறுபடி குறுகிய டயர் கைகொடுக்கும். சேற்றை வெட்டி அடித்தரையைத் தேடிப் பிடிக்கும். பழைய ஜீப்புகளின் 6.00-16 டயர் அரை அடி அகலம்தான். அந்த ஒடிசலான சக்கரத்தோடுதான் அவை இரண்டு தலைமுறையாக ஏலமலையின் ஒவ்வொரு மேட்டிலும் ஏறியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரே ஜீப் காலையில் தார்ச்சாலையிலும் பிறகு தோட்டத்துச் சேற்றிலும் மாலையில் மீண்டும் தார்ச்சாலையிலும் ஓடவேண்டும். சேற்றுக்கான பெரிய பட்டன் டயர் நனைந்த தாரில் நன்றாகப் பிடிக்காது. தொடும் ரப்பர் குறைவு, அந்தக் கட்டைகள் வேறு நெளியும். ஓட்டுநர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். வேறு வழியில்லாமல் ஓட்டுகிறார்கள்.

வளைவில் என்ன நடக்கிறது என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. மலைச்சாலைகளுக்கான இந்திய சாலைக் காங்கிரஸ் நெறிகள் கொண்டை ஊசி வளைவைக் குறைந்தபட்சம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கும் 14 மீட்டர் உள்வட்ட ஆரத்துக்கும் வடிவமைக்கச் சொல்கின்றன. வண்டி 15 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப, வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உராய்வு போதும். 30-இல் எடையில் பாதியை நெருங்குகிறது. 40-இல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். நல்ல டயரும் காய்ந்த சாலையும் 40-இல் தட்டுத்தடுமாறித் தாங்கும். நனைந்த சாலையில் தேய்ந்த டயருக்கு 30-லேயே கையிருப்பு தீர்ந்துவிடும். அதிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பினால், இருக்கும் உராய்வை இரண்டு வேலைகளுக்குப் பங்கு போடவேண்டும். பிரேக் எடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. வேகத்தை 10 கிலோமீட்டர் குறைப்பதால் கிடைக்கும் பிடிமானத்தை எந்த அகலமும் தந்துவிட முடியாது.

நிற்கும் தூரமும் அப்படித்தான். மணிக்கு 40 கிலோமீட்டரில், காய்ந்த சமதளத்தில், பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். பிடிமானம் பாதியான ஈரச்சாலையில் 18 மீட்டர். அதே ஈரம், நூற்றுக்கு ஆறு சரிவான இறக்கம் என்றால் 22 மீட்டர் ஆகும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சூட்டுக்கு. மெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் உயரத்தை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் என்று கொண்டால், 2 டன் ஜீப் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அறுபது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். இந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் விழுங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டினால் அத்தனையும் நான்கு பிரேக் டிரம்களில் இறங்கும். லைனிங் கருகும், பிரேக் ஆயில் கொதிக்கும், ஒரு கட்டத்தில் மிதி காலோடு தரைக்குப் போய்விடும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் சில மிதிகளில் தீர்ந்துபோகும். பிரேக் பிடிக்காத சக்கரத்தில் எந்த டயர் இருந்தால் என்ன? அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் பௌதிகம் படிக்காமலே இதைக் கையால் அறிந்தவர்கள்.

பாரம் கூடினால் உராய்வும் கூடுமே என்று கேட்கலாம். கூடும்; ஆனால் நிறுத்தவேண்டிய எடையும் அதே அளவு கூடுவதால் லாபம் எதுவும் இல்லை. ரப்பரின் கெழு அழுத்தத்தில் சற்றுக் குறைவதால் நட்டம்தான். பத்துப்பேர் கூடுதலாக ஏறினால் சுமார் 500 கிலோ. பிரேக்கில் இறங்கும் வெப்பமும் கால் பங்கு கூடிவிடுகிறது. பின்னால் தொங்கிக்கொண்டும் கூரையில் மூட்டை ஏற்றிக்கொண்டும் போனால் எடை மேலே ஏறுகிறது. உயரமான, ஒடுங்கிய வண்டி அப்போது வழுக்குவதற்கு முன்பே கவிழும். 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். 2022 டிசம்பர் 23 இரவு, நம் தேனி மாவட்டத்துக் குமுளி மலைப்பாதையில் சபரிமலையிலிருந்து திரும்பிய பக்தர்களின் வண்டி கவிழ்ந்து 8 பேர் உயிரிழந்தார்கள். இவற்றுக்கு டயரைக் காரணமாக நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பாதையில் ஒவ்வொரு பிழைக்கும் விலை எவ்வளவு என்பதற்காகச் சொல்கிறேன்.

அகல டயர் மாட்டுவதில் வேறு கேடுகளும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கவேண்டும். கம்பெனி சொன்னதைவிட அகலமான டயர் அந்த முழு ஒடிப்பில் மட்கார்டிலோ ஸ்பிரிங் பட்டையிலோ உரசும். அகல ரிம் போட்டு சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங் சீக்கிரம் போகும். மோட்டார் சைக்கிளில் குறுகிய ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் அதன் வளைவு கூராகிவிடும். வண்டியைச் சாய்க்கும்போது தொடும் இடம் எதிர்பார்த்தபடி இருக்காது. போடியில் மெட்டேறும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளின் டயர் 2.50-16. அவ்வளவு மெலிந்த டயரில் தோட்டக்காரர்கள் மருந்து கேன்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போய்வருகிறார்கள். அவர்களைக் காப்பது நிதானமான வேகம்.

சட்டம் அகலத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆழத்தைப் பற்றித்தான் பேசுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி, கார், ஜீப் போன்ற வண்டிகளின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கார், வேன், லாரிகளுக்கான புதிய டயர்களின் ஈரச்சாலைப் பிடிமானத்துக்கும் தர அளவைக் கட்டாயமாக்கியது. நல்ல நடவடிக்கை. ஆனால் கடையிலிருந்து வரும் புது டயருக்கு அது பொருந்தும். மூன்று மழைக்காலம் ஓடித் தேய்ந்த டயரை யார் பார்ப்பது? முந்தலில் சோதனைச் சாவடி இருக்கிறது. வண்டிகள் அங்கே நிற்கின்றன. தாள்களும் மூட்டைகளும் பார்க்கப்படுகின்றன. ஆழம் பார்க்கும் சிறு அளவுகோல் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒரு ஜீப்புக்கு ஒரு நிமிடம் போதும். 1.6 என்பது சமவெளிக்குக்கூடக் கடைசி எல்லை. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே ஈரத்தில் பிடிமானம் வேகமாக விழத் தொடங்குகிறது. ஆட்களை ஏற்றி மலையேறும் வாகனங்களுக்கு 3 மில்லிமீட்டரை எல்லையாக மாவட்ட நிர்வாகம் வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உடனே ஒரு கேள்வி எழும்: செலவு யாருடையது? ஜீப் ஓட்டுநர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் டீசல், பெர்மிட், வண்டித் தவணை எல்லாம் போய் மிஞ்சுவதில்தான் டயர். அதனால் ரீட்ரெட் செய்து ஓட்டுகிறார், பிறகு அதையும் தேயும்வரை ஓட்டுகிறார், ஆளைக் கூட்டி ஏற்றுகிறார். அவர்மேல் அபராதம் மட்டும் போட்டால் அந்தச் சுமை கடைசியில் கூலிப்பெண்ணின் தலையில் இறங்கும். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. ஏலக்காய் எந்த விலைக்குப் போகிறது என்பது அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. அந்த விலைக்குள் பறித்தவரின் பயணச் செலவும், அந்தப் பயணத்துக்கான நான்கு நல்ல டயர்களும் அடங்கவேண்டும். தோட்ட உரிமையாளர்களின் அமைப்புகள் வண்டி வாடகையை நிர்ணயிக்கும்போது டயருக்கென்று ஒரு தொகையை ஒதுக்கினால் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள்.

சாலைக்கும் பங்கு உண்டு. உராய்வுக்கு இரண்டு பக்கங்கள். ஒன்று ரப்பர், மற்றொன்று கல். வளைவில் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் முறுக்கித் திரும்பித் திரும்பி மேற்பரப்பிலுள்ள கல்லை மெருகேற்றிவிடுகின்றன. தார் கசிந்து பளபளக்கும் இடங்களும் உண்டு. எளிதில் மெருகேறாத கல்லைத்தான் மேல்பரப்புக்குப் பயன்படுத்தவேண்டும் என்று மத்திய அமைச்சகத்தின் விதிமுறைகள் அளவோடு சொல்கின்றன. போட்டபோது சோதித்தால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை 17 வளைவுகளிலும் வழுக்கலை அளந்து, குறைந்த இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கவேண்டும். மூணாறு முதல் போடிமெட்டு வரை அகலப்படுத்தப்பட்ட சாலை 2024 ஜனவரியில் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அருமையான சாலை. அதில் வேகமெடுத்துப் பழகிவரும் வெளியூர் ஓட்டுநர், மெட்டைத் தாண்டியதும் குறுகிய பழைய வளைவுகளுக்குள் அதே வேகத்தோடு நுழைகிறார். மெட்டிலேயே வண்டியை நிறுத்தி, பிரேக்கை ஆறவைத்து, கீழ்க்கியரில் இறங்கச் சொல்லும் இடம் ஒன்று தேவை.

இன்னும் பெரிய தீர்வு பேருந்துதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பது தமிழ்நாட்டுப் பெண்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. மாநில எல்லை தாண்டிக் கூலிக்குப் போகும் போடிப் பெண்ணை அது தோட்டத்து வாசலில் கொண்டுவிடுவதில்லை. விடிகாலை நான்கைந்து மணிக்குப் போடியிலிருந்து பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும், மாலையில் திரும்பவும் தொழிலாளர் பேருந்துகளை இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து விடலாம். தார் முடியும் இடத்திலிருந்து தோட்டத்துக்குள் போக மட்டும் ஜீப் இருந்தால் அதற்குச் சேற்று டயரே போட்டுக்கொள்ளலாம். இரண்டு சாலைக்கும் ஒரே டயரைத் தேடித் திண்டாடவேண்டியதில்லை.

பேருந்துக்கு இரண்டு அரசுகளும் பேசி முடிக்க நாளாகும். அளவுகோலுக்கு அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, பறிப்பும் அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. செப்டம்பர் மாதத்துக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முந்தலில் ஒரு வாரம் முகாம் நடத்தி ஒவ்வொரு ஜீப்பின் நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் அளந்து, காற்றைச் சரிபார்த்து, பிரேக் லைனிங்கைக் கழற்றிப் பார்த்து, தேறிய வண்டிக்குக் கண்ணாடியில் ஒட்டும் சீட்டு ஒன்று கொடுக்கட்டும். ஏறுமுன் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை ஏறுகிற பெண்களுக்கு இருக்கட்டும்.